தொப்புள் விழுந்ததா, குடல் ஏறியதா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு நோய்களின் பெயரைச் சொல்வார்கள். ஒன்று, "தொப்புள் விழுந்துவிட்டது." மற்றொன்று, "குடல் ஏறிக்கொண்டது." டாக்டர்கள் படிக்கும் எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா, பீடோர் வரைக்கும் பேராக் மாநிலத்துக் கித்தாத் தோட்டங்களில் இதற்கு வைத்தியம் தெரிந்தவர் ஒருவராவது லயத்துக்கு லயம் இருந்தார். பிள்ளை தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் போதும், பாட்டியின் கை விளக்கெண்ணெய்ப் போத்தலைத் தேடிப் போகும்.

வைத்தியம் பலவிதம். வயிற்றில் எண்ணெய் தடவி, தொப்புளைச் சுற்றி நீவி, விலகிப்போனதாகச் சொல்லப்படும் தொப்புளைப் பழைய இடத்துக்குக் 'கொண்டு வருவது' ஒன்று. தொப்புள்மேல் சிறு விளக்கை ஏற்றிவைத்துச் செம்பைக் கவிழ்ப்பது ஒன்று. கைக்குழந்தையாக இருந்தால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டுவார்கள். அதுதான் குடல் தட்டுவது. தின்ற பண்டம் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று தொக்கம் எடுப்பவர்களும் உண்டு. இவை எதற்கும் ஆள் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது கோடாலித் தைலம்.

இதையெல்லாம் கேலி செய்வதற்காக நான் எழுதவில்லை. தோட்டத்து டிரெசர் வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த ஆஸ்பத்திரி எத்தனையோ மைலுக்கு அப்பால்; மண்சாலை; லாரி கிடைத்தால் உண்டு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அந்த நிலைமையில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைதான் நமக்கு ஆஸ்பத்திரி. இன்றைக்குக் கித்தா மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. நம் மக்கள் ஈப்போவிலும் அதைச் சுற்றிலும் அடுக்குமாடியில் குடியேறிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் பழக்கமும் கூடவே மாடி ஏறி வந்துவிட்டது. போதாக்குறைக்கு, தொப்புளில் 72,000 நரம்புகள் இருக்கின்றன, அதில் எண்ணெய் ஊற்றினால் கண்பார்வை முதல் மூட்டுவலி வரை சரியாகும் என்று கைபேசியில் செய்தி வேறு சுற்றுகிறது. பாட்டியாவது நம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்!

சரி, தொப்புள் என்பது என்ன? தாயின் வயிற்றில் இருந்தபோது நமக்குச் சோறும் தண்ணீரும் வந்த வழி அது. கொடியில் மூன்று இரத்தக் குழாய்கள் ஓடின. பிறந்து கொடியை அறுத்ததும் அவற்றுக்கு வேலை இல்லை. சில நாளில் உள்ளே அடைபட்டு, நாளடைவில் வெறும் நாராக மாறிவிடுகின்றன. ஒன்று ஈரலை நோக்கிப் போகும். மற்ற இரண்டும் அடிவயிற்றை நோக்கி இறங்கும். ஆக, தொப்புள் என்பது ஆறிப்போன ஒரு வடு. வடு நகராது, விழாது, ஏறாது. குடலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அப்படியானால் தொப்புளில் கை வைத்தால் துடிக்கிறதே, அந்தத் துடிப்பு ஓரமாகப் போய்விட்டது என்று தொட்டுக் காட்டுகிறார்களே?" என்று கேட்பீர்கள். துடிப்பது உண்மைதான். இதயத்திலிருந்து இறங்கி வரும் பெரிய இரத்தக் குழாய் முதுகெலும்பை ஒட்டி, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாக வந்து, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒல்லியான ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து அழுத்தினால் அந்தத் துடிப்பு கைக்குத் தட்டுப்படும். அது எப்போதும் சற்று ஓரமாகத்தான் இருக்கும். வலி இல்லாத நாளில் தொட்டுப் பார்த்தாலும் அங்கேதான் இருக்கும்.

இனி, வலி ஏன் தொப்புளில் வருகிறது என்பதைப் பார்ப்போம். நம் தோலில் ஊசி குத்தினால் எந்த இடம் என்று விரலை வைத்துச் சொல்லிவிடலாம். குடலுக்கு அந்தத் திறமை இல்லை. சிறுகுடல், அதன் முடிவில் தொங்கும் குடல்வால், பெருங்குடலின் ஆரம்பம் ஆகிய இவற்றின் நரம்புகள் முதுகுத்தண்டில் போய்ச் சேரும் இடமும், தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்பு போய்ச் சேரும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. பத்துக் காட்டிலிருந்து வரும் பாலும் ஸ்டோரில் ஒரே தொட்டியில்தானே ஊற்றப்படுகிறது? தொட்டியைப் பார்த்து, இது எந்த மரத்துப் பால் என்று சொல்ல முடியுமா? மூளையின் நிலைமையும் அதுதான். உள்ளே எங்கே கோளாறு என்றாலும் "தொப்புளைச் சுற்றி வலிக்கிறது" என்றுதான் அது கணக்கு எழுதும்.

இதில் பெரும்பாலான வலி ஆபத்தில்லாதது. இங்கிலாந்தில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை வைத்தியர் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் எழுதினார். பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது. அவர்களில் மிகப் பலருக்கு உடம்பில் எந்த நோயும் கண்டுபிடிக்க முடியவில்லை. பரீட்சை பயம், வீட்டில் சண்டை, புதுப் பள்ளி, மலச்சிக்கல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வலி பொய்யல்ல, பிள்ளை நடிக்கவில்லை. அவர் சொன்ன இன்னொரு விஷயம் டாக்டர்களிடையே இன்றும் பழமொழி மாதிரி வழங்குகிறது: வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தூரம் விலகி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே உண்மையான நோய் இருக்க வாய்ப்பு அதிகம்.

குடல் தட்டுபவர்களின் கைராசிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. தானாகவே ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய வலி அது. சூடான எண்ணெய், ஆதரவான கை, மடியில் படுக்க இடம், இவை கிடைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். புந்தோங் கச்சான் பூத்தேயை ஒரு பொட்டலம் முழுதும் தின்றுவிட்டு வாயு பிடித்துக்கொண்டவனுக்கும் அதே கதைதான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வலி நின்றால், வைத்தியருக்குப் பெயர் வராமல் என்ன செய்யும்?

நம் கவலை அந்தப் பத்தாவது பிள்ளையைப் பற்றியது.

குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைடிஸ், தொடங்குவதும் தொப்புளில்தான். குடல்வாலின் வாய் அடைபட்டு உள்ளே வீங்கும்போது வலி தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும். பிள்ளை சாப்பிட மறுக்கும். பிறகு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வாந்தி. அநேகமாக ஒரு நாளைக்குள், வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொட்டதும் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். அப்போது விரலால் இடத்தைக் காட்ட முடியும். காய்ச்சல் இலேசாகத்தான் இருக்கும். இவ்வளவும் ஒரே நாளில் நடந்துவிடக்கூடும். சிறு பிள்ளைகளுக்கு இன்னும் வேகம்.

இந்த நேரத்தில் நம் வீட்டில் என்ன நடக்கிறது? முதலில், பேதிக்கு விளக்கெண்ணெய். மாதம் ஒருமுறை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மூக்கைப் பிடித்து ஊற்றிய பழக்கம் நம்முடையது. வீங்கிப்போன குடல்வாலை வைத்துக்கொண்டு பேதிக்குக் குடித்தால், குடல் முறுக்கிப் பிசையும் வேகத்தில் அது வெடிக்கக்கூடும். அடுத்து, வயிற்றை அழுத்தி நீவுவது. அதுவும் அதே ஆபத்துத்தான்.

இதற்கு மேல் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. தாய்மார்கள் இதை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டுகிறேன். குடல்வால் வெடித்தவுடன் உள்ளே இருந்த அழுத்தம் விட்டுப்போகிறது. அதனால் கொஞ்ச நேரம் வலி குறைந்தாற்போல் இருக்கும்! "பார்த்தீர்களா, தட்டியதும் விட்டுவிட்டது" என்று வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பிவிடுவோம். சில மணி நேரம் கழித்துச் சீழ் வயிறு முழுவதும் பரவி, வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் ஏறி, பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கும்போதுதான் வண்டி தேடுவோம். தட்டியவர் மேல் பழியும் விழாது. "விட்ட வலி திரும்பி வந்தது, விதி" என்று பேச்சு முடிந்துவிடும்.

இது ஏழை வீட்டுக் கதை மட்டுமல்ல. 1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா. பல நாட்டு விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள். மன்னருக்கோ வயிற்றுவலி. விழாவை ஒத்திவைக்க அவருக்கு மனமில்லை. சர் பிரெடரிக் டிரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர் ஒத்துக்கொள்ளாமல் ஜூன் 24-ல் அரண்மனையிலேயே ஆபரேஷன் செய்து, குடல்வாலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்து ஆகஸ்ட் 9-ல் முடிசூட்டிக்கொண்டார். அதே டிரீவ்ஸின் சொந்த மகள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1900-ல், இதே நோயில்தான் இறந்தாள். நாட்டிலேயே பேர்போன டாக்டர் வீட்டில்கூட நேரம் தப்பினால் நடந்தது அது.

இன்றைக்கு அந்தப் பயம் வேண்டாம். சிறு துளை போட்டு, கேமரா மூலம் பார்த்துக் குடல்வாலை எடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு ஆரம்ப நிலையில் கிருமிக்கொல்லி மருந்தே போதும் என்றும் டாக்டர்கள் முடிவு செய்வதுண்டு. ஆனால் அதை ஸ்கேன் பார்த்து அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் ஏதாவது உண்டா என்றால், உண்டு. பிள்ளையை ஒரு முறை குதிக்கச் சொல்லுங்கள். சாதாரண வலிக்காரன் குதித்துவிட்டு விளையாடப் போவான். குடல்வால் வலிக்காரன் குதிக்க மாட்டான். குனிந்து, வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பான். இருமினால்கூட முகம் சுளிப்பான். பிடித்த பண்டத்தை நீட்டினாலும் வேண்டாம் என்பான். இன்னொன்று: வாந்தி பேதி முதலில் வந்து வலி பிறகு வந்தால் அது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு நோய். வலி முதலில் வந்து வாந்தி பிறகு வந்தால் ஜாக்கிரதை. குதித்துவிட்டான் என்பதற்காக நோயே இல்லை என்று அர்த்தம் கொள்ள வேண்டாம். ஆறு மணி நேரமாகியும் வலி விடவில்லை, அல்லது கூடிக்கொண்டே போகிறது என்றால் இரவு எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் புறப்பட வேண்டியதுதான்.

கைக்குழந்தைகளின் 'குடல் ஏற்றம்' வேறு கதை. குழந்தை வாந்தி எடுக்கிறது, பச்சையாகப் போகிறது, கண் உள்ளே போயிருக்கிறது, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. இதைத்தான் குடல் ஏறிவிட்டது என்கிறோம். உண்மையில் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. தலைகீழாகத் தூக்கித் தட்டினால் வற்றிய தண்ணீர் திரும்பி வருமா? 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில், போங்காவ் என்ற ஊரில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே குறைந்தது. அந்த மருந்துப் பொட்டலம் இன்று எந்த கிளினிக்கிலும் கிடைக்கும். அவசரத்துக்குப் பொட்டலம் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. அளவு கூடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், குடல் உண்மையாகவே 'ஏறும்' நோய் ஒன்று இருக்கத்தான் செய்கிறது! குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள், சட்டைக் கையை உள்ளே இழுத்தாற்போல், புகுந்துகொள்ளும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும். திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழும். சில நிமிடத்தில் நின்று சோர்ந்து கிடக்கும். கால் மணி, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் வீறிடும். முகம் வெளுக்கும், வாந்தி வரும். பிறகு மலத்தில் சளியும் இரத்தமும் கலந்து வரும். அதுவரைக்கும் காத்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ செலுத்தி, புகுந்த குடலை வெளியே தள்ளிவிடுகிறார்கள். தாமதமானால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். பெயர் வைத்த நம் முன்னோர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தட்டினால் இறங்கும் என்றதுதான் தவறு.

புழுக்களைப் பற்றிச் சொல்லாமல் தோட்டத்து வயிற்றுவலிக் கதை முடியாது. நீண்ட உருண்டைப் புழு ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளரும். பெண் புழு ஒரு நாளில் இரண்டு இலட்சம் முட்டைகள்கூட இடும். நிறையச் சேர்ந்தால் கயிறுபோல் திரண்டு குடலையே அடைத்துவிடும். கொக்கிப் புழு சிறியது, ஆனால் இரத்தம் குடிக்கும். வெறுங்காலில் மண் மிதிப்பவர்களின் தோல்வழியே உள்ளே நுழையும். நம் நாட்டில் 1974-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு நீக்கும் திட்டம் தொடங்கி 1983 வரை நடந்தது. அதோடு நின்றுபோயிற்று. ஆகவே இப்போது கேட்டு வாங்குவது பெற்றோர் பொறுப்பு. கிளினிக்கில் ஒரே வேளை மாத்திரை. கேட்கும்போது "குடற்பூச்சி மாத்திரை" என்று சொல்லுங்கள். வெறுமனே "பூச்சி மருந்து" என்றால் தோட்டத்து ஸ்டோரில் இருப்பது வேறு சாமான்!

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. விரை முறுக்கிக்கொண்டாலும் வலி தொப்புளிலோ அடிவயிற்றிலோதான் முதலில் தெரியலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் வெட்கப்பட்டு வாய் திறக்க மாட்டான். தகப்பனாரோ அண்ணனோ தனியே அழைத்துக் கேட்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தால் விரையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முடியும். அதேபோல், மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலியும் மயக்கமும் வந்தால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். சுக்குக் கஷாயத்துக்கு அங்கே வேலை இல்லை.

தொப்புளில் உண்மையாகவே நோய் வருவது சில சமயம்தான். குழந்தைகளுக்குத் தொப்புள் புடைத்து நிற்பது அநேகமாக நாலைந்து வயதுக்குள் தானே அடங்கிவிடும். காசு வைத்துக் கட்டுவதால் புண்ணாவதுதான் மிச்சம். பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பல பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு, அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் இறுகி வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். பிறந்த குழந்தையின் கொடிக்குச் சாம்பல், மஞ்சள், சாணம் எதுவும் வேண்டாம். சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும். அந்தப் பூச்சு வழியாகத்தான் ஒரு காலத்தில் இசிவு ஜன்னி வந்து பச்சைக் குழந்தைகள் போயின.

ஆஸ்பத்திரிக்குப் போனால் சொல்ல வேண்டியவை: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் எங்கே, இப்போது எங்கே, கடைசியாக எப்போது சாப்பிட்டது. எண்ணெய் கொடுத்திருந்தாலும், வயிற்றைத் தட்டியிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். போகும் வழியில் சோறோ பாலோ கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். வண்டி இல்லையென்றால் 999. முகப்பில் இருக்கும் தாதிக்குத் தமிழ் தெரியாவிட்டால், "டூலு சாக்கிட் டி பூசாட், செக்காராங் டி பாவா கானான்" என்று சொன்னால் போதும். முதலில் தொப்புளில், இப்போது வலப்பக்கம் கீழே என்பதைக் கேட்டால் அவர்களே பிள்ளையை உள்ளே அழைத்துப் போவார்கள்.